வெனிஸுக்கு ஜோடியாகப் போகிறவர்கள் எங்களிடம் கேட்ட கேள்விகள்

போன அக்டோபரில் நானும் என் வீட்டுக்காரரும் வெனிஸில் நான்கு இரவு தங்கிவிட்டு வந்தோம். கல்யாணமாகி 30 வருஷம் ஆனதற்குப் பிள்ளைகள் எடுத்துக் கொடுத்த டிக்கெட். திரும்பி வந்ததிலிருந்து நாத்தனார், எதிர்வீட்டு அக்கா, தேனிலவுக்குத் திட்டம் போடும் அண்ணன் மகன், காலையில் அவரோடு நடக்கிற நண்பர்கள் என்று எல்லோரும் மாற்றி மாற்றி அதே கேள்விகளைக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் எழுதியே வைத்துவிட்டேன். விலைகள் நாங்கள் பார்த்தவை. கிளம்புமுன் நீங்களும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஊர் முழுக்கத் தண்ணீர்தானே? எங்கே போனாலும் படகில்தான் போகணுமா?

இல்லை. நாங்களும் அப்படி நினைத்துத்தான் போனோம். வெனிஸ் நடக்கிற ஊர். கடலோரக் காயலுக்குள் 118 சின்னச் சின்னத் தீவுகள். அவற்றை ஒட்டுப்போட்ட மாதிரி 400க்கும் மேற்பட்ட பாலங்கள். காரும் பைக்கும் கிடையாது. சைக்கிள் ஓட்டவும் அனுமதி இல்லை. எந்த இடத்துக்கும் சந்து வழியாக நடந்தே போய்விடலாம். ஊரின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு ஒரு மணி நேரம், கூடப்போனால் ஒன்றேகால்.

தண்ணீர் முக்கியமாகச் சாமான்களுக்குத்தான். எங்கள் அறை ஜன்னலுக்குக் கீழே ஒரு சின்னக் கால்வாய். காலை ஏழு மணிக்குக் குப்பைப் படகு வரும். துப்புரவுப் பணியாளர் வீடு வீடாகச் சேர்த்த குப்பையைத் தள்ளுவண்டியில் கரைக்குக் கொண்டுவருவார். படகில் இருக்கும் கிரேன் வண்டியை அப்படியே அலாக்காகத் தூக்கும், வண்டியின் அடிப்பக்கம் திறந்து குப்பை படகில் விழும், காலி வண்டி மறுபடி கரைக்கு வரும். பிறகு ஓட்டல் படுக்கை விரிப்பு மூட்டைகள் ஏற்றிய படகு, காய்கறிப் படகு, தண்ணீர் பாட்டில் படகு. ஒரு நாள் யாரோ வாங்கிய வாஷிங் மெஷின் தனியாக நின்றுகொண்டே போனது. ஆம்புலன்ஸும் படகு. இறந்தவரைச் சான் மிக்கேலே என்ற கல்லறைத் தீவுக்குக் கொண்டுபோவதும் படகுதான். நாங்கள் பார்த்த எந்த மாளிகையையும்விட அந்த ஜன்னல்தான் அவருக்குப் பிடித்த இடம். காபி டம்ளரோடு உட்கார்ந்தால் எழுந்திருக்கவே மாட்டார்.

ஒரு நாள் போதுமா? டூர்க்காரர்கள் நாலு மணி நேரம்தான் தருகிறார்கள்.

பார்த்தோம் என்று சொல்லிக்கொள்ளப் போதும். காலை பத்திலிருந்து மாலை ஐந்து வரை சான் மார்க்கோ சதுக்கத்துக்கும் ரியால்டோ பாலத்துக்கும் நடுவில் தி.நகர் ரங்கநாதன் தெருவில் தீபாவளிக்கு முந்தின ஞாயிறு மாதிரி கூட்டம். மாலையில் பேருந்துகளும் ரயில்களும் அத்தனை பேரையும் அள்ளிக்கொண்டு போனபின் ஊர் மூச்சு விடுகிறது. அந்தத் தீவுகளில் நிரந்தரமாகக் குடியிருப்பவர்கள் 50,000 பேர்கூட இல்லை. 1950களின் தொடக்கத்தில் 1,70,000க்கும் மேல் இருந்தார்கள். ராத்திரி ஒன்பது மணிக்குச் சந்தில் நம் செருப்புச் சத்தம் நமக்கே கேட்கும். குறைந்தது இரண்டு இரவு தங்குங்கள். அதற்கு வசதிப்படாது என்றால் இன்னொரு பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் என் யோசனை.

ஊருக்குள் நுழையவே கட்டணமாமே?

உண்மைதான், ஆனால் எல்லா நாளும் இல்லை. 2024 ஏப்ரல் 25இல் தொடங்கினார்கள். அந்த வருஷம் 29 நாட்கள், 2025இல் 54 நாட்கள், எல்லாம் ஏப்ரலுக்கும் ஜூலைக்கும் நடுவில், கூட்டம் நெரியும் தேதிகள். காலை 8:30 முதல் மாலை 4 மணிக்குள் வருகிற பகல்நேரப் பயணிக்கு 5 யூரோ. கடைசி நேரத்தில் பதிவு செய்தால் 2025இல் 10 யூரோ ஆக்கிவிட்டார்கள். அங்கேயே தங்குகிறவர்களுக்கு இது இல்லை. ஆனால் விலக்குக்கான கியூஆர் கோடை இணையத்தில் எடுத்து வைத்திருக்க வேண்டும். தங்குமிடத்தில் ஆளுக்கு, இரவுக்கு இவ்வளவு என்று ஒரு வரி தனியாக வாங்குவார்கள். அறை வாடகையில் அது சேர்ந்திருக்காது என்பதைக் கவனியுங்கள்.

விசாவுக்கு என்ன செய்தீர்கள்?

ஷெங்கன் விசா. எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும், எங்களுக்கு இத்தாலி. பெரியவர்களுக்கு 90 யூரோ, சேவைக் கட்டணம் தனி. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே கொடுக்கலாம், கடைசிக் கெடு 15 நாள். அந்தக் கெடு வரை காத்திருக்கிற தைரியம் எனக்கு இல்லை, உங்களுக்கும் வேண்டாம். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம்.

எந்த மாதம் நல்லது? வெள்ளம் வருமே?

ஜூலை, ஆகஸ்டில் வெயிலும் கூட்டமும் சேர்ந்து படுத்தும். ஏப்ரல், மே, செப்டம்பர் பிற்பகுதி, அக்டோபர் நல்ல காலம். பிப்ரவரியில் முகமூடித் திருவிழா, அப்போது அறை வாடகை எகிறிவிடும்.

'அக்வா ஆல்தா' என்று அவர்கள் சொல்கிற உயர்நீர் பெரும்பாலும் அக்டோபர் முதல் ஜனவரி வரை வரும். அலை ஏற்றமும் தெற்கிலிருந்து அடிக்கும் சிரோக்கோ காற்றும் ஒன்றுசேர்ந்தால் கடல் காயலுக்குள் ஏறிவிடும். 1966 நவம்பர் 4இல் 194 செ.மீ., 2019 நவம்பர் 12இல் 187 செ.மீ. என்று பதிவாகியிருக்கிறது. அதன்பின் மோசே என்ற தடுப்பு வந்தது. காயலின் மூன்று வாய்களிலும் கடலடியில் படுத்திருக்கும் 78 இரும்புக் கதவுகள். காற்றை நிரப்பினால் எழுந்து நின்று கடலை மறிக்கும். 2020 அக்டோபர் 3இல் முதன்முதலாக நிஜ உயர்நீரைத் தடுத்தார்கள். 110 செ.மீ.க்கு மேல் வரும் என்று தெரிந்தால்தான் பொதுவாகக் கதவைத் தூக்குவார்கள். சான் மார்க்கோ சதுக்கம் அதைவிடத் தாழ்வு, அதனால் அங்கே கணுக்கால் அளவு தண்ணீர் இப்போதும் வரும். எங்களுக்கு ஒரு காலை அப்படி வாய்த்தது. சாக்கடை வாயிலிருந்து தண்ணீர் குமிழியிட்டு மேலே வந்தது, மேலிருந்து ஒரு சொட்டு மழை இல்லை. மேசை மாதிரிப் பலகைகளை வரிசையாகப் போட்டு நடைபாதை ஆக்கிவிடுகிறார்கள். இரண்டு மணி நேரத்தில் தண்ணீர் தானாகவே இறங்கிவிட்டது. பயப்பட ஒன்றுமில்லை, தோல் செருப்பு மட்டும் போடாதீர்கள்.

விமான நிலையத்திலிருந்து எப்படிப் போவது?

மார்க்கோ போலோ விமான நிலையம் நிலப்பகுதியில் இருக்கிறது. பஸ்ஸில் ஏறினால் பியாத்ஸாலே ரோமா வரை வரும். சக்கரம் வைத்த வண்டிக்கு அதுதான் எல்லை. அல்லது விமான நிலையத் துறையிலிருந்தே காயல் வழியாகப் படகு பஸ் இருக்கிறது. பஸ்ஸைவிட மெதுவு, காசும் அதிகம், ஆனால் ஊர் தண்ணீரிலிருந்து எழுந்து வருவதை அப்படித்தான் பார்க்க வேண்டும். தனி வாட்டர் டாக்ஸி நூறு யூரோவுக்கு மேல்.

பெட்டியைப் பற்றி ஒன்று. நாங்கள் ஆளுக்கு ஒரு பெரிய சூட்கேஸ் கொண்டுபோனோம். பாலம் என்றால் அங்கே படிக்கட்டு. ஏறு பத்துப் படி, இறங்கு பத்துப் படி. தங்குமிடத்துக்குப் போக எங்களுக்கு ஐந்து பாலம். மூன்றாவது பாலத்தின் உச்சியில் அவர் பெட்டியை வைத்துவிட்டு, "ஊறுகாய் பாட்டில் எத்தனை போட்டே?" என்று கேட்டார். 30 வருஷத்தில் முதல் தடவையாக எனக்கு உண்மையைச் சொல்லப் பயமாக இருந்தது. (நாலு.)

விலாசத்தைக் கண்டுபிடிப்பது கஷ்டமா?

கஷ்டம் என்பது சின்ன வார்த்தை. வெனிஸில் வீட்டு எண் தெருவுக்கு இல்லை, பேட்டைக்கு. ஊரை ஆறு பேட்டையாகப் பிரித்திருக்கிறார்கள்: சான் மார்க்கோ, காஸ்தெல்லோ, கன்னரேஜியோ, சான் போலோ, சாந்தா குரோச்சே, தோர்சோதூரோ. பேட்டையின் ஒரு மூலையில் 1 என்று ஆரம்பித்து, சந்து சந்தாக வளைந்து எண் ஏறிக்கொண்டே போகும். காஸ்தெல்லோவில் 6,000ஐத் தாண்டிவிடுகிறது. விலாசத்தில் பேட்டைப் பெயரும் எண்ணும் மட்டும் இருக்கும். 3400க்கு அடுத்து 3401 கால்வாய்க்கு அந்தப் பக்கம் இருந்தால் யாரும் ஆச்சரியப்படுவதில்லை.

சுவரிலேயே சுண்ணாம்பு பூசி, கறுப்பு எழுத்தில் சந்தின் பெயர் எழுதியிருப்பார்கள். அதற்கு 'நித்ஸியோலேத்தி' என்று பெயர், குட்டி விரிப்பு என்று அர்த்தம். சந்து என்றால் 'கால்லே', வீடுகள் சூழ்ந்த திடல் 'காம்போ', சின்னக் கால்வாய் 'ரியோ', கால்வாய் ஓரப் பாதை 'ஃபொந்தமெந்தா'. 'ரியோ தெரா' என்று பார்த்தால் அது ஒரு காலத்தில் கால்வாய், மண்ணடித்து மூடிவிட்டார்கள். இந்த ஐந்து சொல் தெரிந்தால் பாதி வெனிஸ் தெரிந்த மாதிரி.

குறுகலான சந்தில் ஃபோனில் வரும் நீலப் புள்ளி கண்டபடி தாவும். அவர் அதையே நம்பினார். நான் சந்தைக் கூடையை இழுத்துக்கொண்டு போன ஒரு பாட்டியிடம் சீட்டைக் காட்டினேன். 'செம்ப்ரே திரித்தோ' என்றார், நேரே போய்க்கொண்டே இரு என்று அர்த்தம். அந்த ஊரில் நேர் என்று ஒன்று இல்லவே இல்லை. நம் ஊரில் "இங்கதான், கூப்பிடு தூரம்" என்று மூன்று கிலோமீட்டரைச் சொல்வோமே, அந்த வகை. பிறகு அவரே பரிதாபப்பட்டு என் கையைப் பிடித்து வாசல் வரை கொண்டுவந்து விட்டார். அறை எடுக்கும்போதே பக்கத்துப் படகுத்துறை, பக்கத்து காம்போ, வாசல் கதவின் படம் மூன்றையும் கேட்டு வாங்கிவிடுங்கள்.

மெஸ்த்ரேயில் தங்கினால் மலிவு என்கிறார்களே?

மலிவுதான். நிலப்பகுதியில் இருக்கும் பக்கத்து ஊர், ரயிலில் பத்துப் பன்னிரண்டு நிமிஷம். ஆனால் நான் மேலே சொன்ன ஒன்பது மணிச் செருப்புச் சத்தம் கிடைக்காது. கையைக் கடித்தால் அறையைச் சின்னதாக எடுங்கள், ஊருக்குள் எடுங்கள்.

கோண்டலாவில் ஏறினீர்களா? எவ்வளவு?

அரை மணி நேரத்துக்கு 90 யூரோ, மாலை ஏழுக்கு மேல் 35 நிமிஷத்துக்கு 110. இது மாநகராட்சி நிர்ணயித்த விலை, ஆளுக்கு இல்லை, படகுக்கு. ஐந்து பேர் வரை ஏறலாம். பாட்டு வேண்டுமென்றால் தனிக் காசு. ஏறுமுன் நிமிஷக் கணக்கையும் போகும் வழியையும் கேட்டுவிடுங்கள். சான் மார்க்கோ முகப்பில் ஏறினால் பெரிய படகுகளின் அலையில் ஆடிக்கொண்டிருப்பீர்கள். உள்பக்கத்துச் சின்னக் கால்வாயில் ஏறுவது உத்தமம்.

நாங்கள் ஏறவில்லை. அவர் மனசுக்குள் ரூபாய்க்கு மாற்றிப் பார்த்துவிட்டார், நானும் வற்புறுத்தவில்லை. அண்ணன் மகனுக்கு மட்டும் சொல்கிறேன்: நீ ஏறு, தேனிலவுக்குப் போய்விட்டு மிச்சம் பிடிக்காதே.

ஏறாதவர்களுக்கு வேறு வழி உண்டு. சான் திரோவாசோ என்ற இடத்தில் கோண்டலா செய்து பழுது பார்க்கும் பட்டறை இருக்கிறது. எதிர்க்கரையில் நின்று பார்த்தால் படகைக் கவிழ்த்துப்போட்டு அடிப்பாகத்தைச் சுரண்டுவார்கள். கிட்டத்தட்ட 11 மீட்டர் நீளம், எட்டு வகை மரம், 280 துண்டுகள். நேராக வைத்துப் பார்த்தால் படகு கோணல்: இடப்பக்கம் வலப்பக்கத்தைவிட 24 செ.மீ. அகலம். ஒரே ஆள், ஒரே துடுப்பு, அதுவும் வலப்பக்கம் மட்டும். சமமாகச் செய்தால் படகு வட்டமடித்துக்கொண்டே இருக்கும். அந்தக் கோணல்தான் அதை நேராகப் போகவைக்கிறது. துடுப்பைத் தாங்கும் வால்நட் மரக் கட்டை முழங்கை மாதிரி வளைந்து வளைந்து இருக்கும். ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு வேலை, முன்னே போக, நிறுத்த, திரும்ப. மூலை வரும்போது படகோட்டி "ஓஏ!" என்று குரல் கொடுத்துவிட்டு, வீட்டுச் சுவரைக் காலால் ஓர் உதை விடுவார். 11 மீட்டர் படகு பூனை மாதிரி திரும்பும்.

இன்னொன்று: ஊரின் நடுவே ஓடும் பெருங்கால்வாயைக் கடக்க 'திராகெத்தோ' என்ற பரிசல்துறை மாதிரி ஒன்று இருக்கிறது. கோண்டலா போன்ற படகு, இரண்டு ஓட்டிகள், வெளியூர்க்காரருக்கு 2 யூரோ. சாந்தா சோஃபியாவில் ஏறினால் ரியால்டோ மீன் சந்தையில் இறங்கலாம். உள்ளூர்க்காரர்கள் நின்றுகொண்டே பேப்பர் படிக்கிறார்கள். நாங்களும் நின்றோம். அவர் என் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டார். எனக்காக என்று வெளியே சொல்லிக்கொள்கிறார்.

வாபொரெட்டோ பாஸ் வாங்கலாமா?

வாபொரெட்டோ என்பது படகு பஸ். 75 நிமிஷ டிக்கெட் 9.50 யூரோ, ஒரு நாள் பாஸ் 25, மூன்று நாள் 45. நடக்கிற ஆளாக இருந்தால் ஒரே ஒரு நாள் பாஸ் எடுத்து, தீவுகளையும் பெருங்கால்வாயையும் அன்றே முடித்துவிடலாம். ஏறுமுன் துறையில் இருக்கும் கருவியில் டிக்கெட்டைக் காட்ட மறக்கக்கூடாது, அபராதம் கடுமை. 1ஆம் எண் படகு பெருங்கால்வாய் முழுக்க நின்று நின்று போகும், 3.8 கிலோமீட்டருக்கு முக்கால் மணி நேரம். விடியற்காலையில் கூட்டம் இராது, முன்பக்கத்து வெளி இருக்கை கிடைத்தால் உங்கள் அதிர்ஷ்டம்.

சைவத்துக்குச் சாப்பாடு கிடைக்குமா?

நான் சைவம், அவருக்கு மீன் என்றால் உயிர். ஆக இரண்டு பக்கத்தையும் சொல்ல முடியும்.

தக்காளி சாஸ் போட்ட பாஸ்தா, மார்கெரித்தா பிட்சா, சுட்ட கத்திரிக்காய், பூசணிக்காய் எல்லாம் எங்கும் கிடைக்கும். 'போலெந்தா' என்று ஒன்று தருவார்கள். சாட்சாத் மக்காச்சோளக் களி. கூட ஒரு கத்திரிக்காய்க் கொத்சு இருந்தால் எங்கேயோ போயிருக்கும். நான் மாட்டிக்கொண்டது 'பீகொலி இன் சால்ஸா'வில். தடிமனான நூடுல்ஸ், பொன்னிறமாக வதக்கிய வெங்காயம், பார்க்கப் பரம சாதுவாக இருந்தது. ஒரு வாய் வைத்தபின்தான் தெரிந்தது, வெங்காயத்தோடு நெத்திலியைக் கரைத்திருக்கிறார்கள். வெனிஸில் விரத நாள் சாப்பாடே அதுதானாம்! ரிசோத்தோவைப் பெரும்பாலும் இறைச்சி அல்லது மீன் வேகவைத்த நீரில்தான் செய்வார்கள். 'சென்ஸா கார்னே, சென்ஸா பேஷே' என்று சொல்லுங்கள். இறைச்சி இல்லாமல், மீன் இல்லாமல். பார்மெசான் பாலாடைக்கட்டி கன்றுக்குட்டியின் இரைப்பை நொதியில் உறைய வைப்பது, அதைப் பார்ப்பவர்கள் அதையும் தவிர்க்க வேண்டும்.

அவருக்குக் கொண்டாட்டம். 'பாக்கரோ' என்ற சின்ன ஒயின் கடைகளில் கண்ணாடிப் பெட்டிக்குள் 'சிக்கெத்தி' என்ற நொறுக்குகளை அடுக்கியிருப்பார்கள். 'சார்தே இன் சாஓர்' என்று வறுத்த மத்தி மீனில் வெங்காயம், வினிகர், உலர் திராட்சை, பைன் கொட்டை. "மத்தியில் திராட்சையா?" என்று முகத்தைச் சுளித்தவர் மூன்று தட்டு காலி செய்தார். கடலோடிகள் கெடாமல் வைத்துத் தின்பதற்காகக் கண்டுபிடித்தது. செய்த அன்றைக்கு விட மறுநாள்தான் ருசி. நம் மீன் குழம்பும் அப்படித்தானே என்று கடைக்காரருக்குச் சைகையில் விளக்கினார், அவருக்குப் புரிந்ததோ என்னவோ.

ரியால்டோ மீன் சந்தைக்கு ஞாயிறு, திங்கள் தவிர்த்து மற்ற நாட்களில் காலையிலேயே போய்விடுங்கள். எந்த மீன் எத்தனை நீளத்துக்குக் குறைந்தால் விற்கக்கூடாது என்று பழைய கல்வெட்டு ஒன்று சுவரில் இருக்கிறது: மத்தி 7 செ.மீ., விலாங்கு 25 செ.மீ. அவர் விரலால் அளந்து பார்த்தார்.

காபி நின்றுகொண்டு குடித்தால் ஒரு விலை, உட்கார்ந்தால் இன்னொரு விலை. சதுக்கத்தில் ஒரு கடையில் தெரியாமல் உட்கார்ந்துவிட்டோம். பில்லில் இசைக்குத் தனிக் கட்டணம் போட்டிருந்தது. தண்ணீர் பாட்டில் வாங்காதீர்கள், திடல்களில் இருக்கும் குழாய்த் தண்ணீர் நல்ல தண்ணீர். அரிசி, பருப்பு, மசாலா இல்லாமல் முடியாது என்பவர்களுக்கு மெஸ்த்ரே ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் பங்களாதேஷ்காரர்களின் மளிகைக் கடைகள் உண்டு.

மூட்டு வலி இருக்கிறது. சமாளிக்கலாமா?

அவருக்கு வலது முழங்கால் தகராறு. ஒரு நாளைக்கு ஒரு பேட்டை என்று வைத்துக்கொண்டோம், சமாளித்தார். பெருங்கால்வாய் ஓரத்து இடங்களுக்குப் படகு பஸ்ஸிலேயே போய்விடலாம், அதன் துறைகளில் படி கிடையாது. பியாத்ஸாலே ரோமாவுக்கும் ரயில் நிலையத்துக்கும் நடுவில் 2008இல் கட்டிய பாலத்தின் கண்ணாடிப் படிகள் ஈரத்தில் வழுக்குவதற்குப் பேர்போனவை. பிடித்துக்கொண்டு நடங்கள். கழிப்பறைக்குக் காசு; சில்லறை கையில் இருக்கட்டும்.

கால்வாய் நாற்றமடிக்குமா?

கூவம் பக்கத்தில் குடியிருந்தவள் நான். இதெல்லாம் நாற்றமே இல்லை. வடிந்த நேரத்தில் கொஞ்சம் சேற்று வாடை வரும், அவ்வளவுதான்.

தண்ணீருக்குள் வீடு எப்படி நிற்கிறது?

சேற்றுக்கு அடியில் இறுகின களிமண் வரை மரக்கட்டைகளை நெருக்கமாக அடித்து இறக்கி, அதன்மேல் பலகை, அதன்மேல் இஸ்த்ரியாவிலிருந்து கொண்டுவந்த, தண்ணீர் ஊறாத வெள்ளைக்கல், அதற்கும் மேல்தான் செங்கல். கட்டைக்குக் காற்றுப் படாததால் மக்குவதில்லை. 1630இல் வந்த கொள்ளைநோய் நீங்க நேர்ந்துகொண்டு கட்டிய சலூத்தே ஆலயத்துக்கு மட்டும் பத்து லட்சத்துக்கும் மேல் கட்டைகள் இறக்கியதாகக் கணக்கு. அந்த நேர்த்திக்கடனை வருஷா வருஷம் நவம்பர் 21இல் இன்றும் செலுத்துகிறார்கள். அன்றைக்குப் பெருங்கால்வாயின் குறுக்கே தற்காலிகப் பாலம் போட்டு ஊரே நடந்துபோய் மெழுகுவத்தி ஏற்றும்.

எதைக் கட்டாயம் பார்க்கணும்?

சான் மார்க்கோ பேராலயத்தின் உள்ளே 8,000 சதுர மீட்டர் பொன் மொசைக். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். வாசலுக்கு மேலே நிற்கும் நான்கு வெண்கலக் குதிரைகள் நகல். 1204இல் கான்ஸ்டாண்டினோபிளிலிருந்து கொள்ளையடித்து வந்த அசல் உள்ளே மாடியில். எதிரே உள்ள மணிக்கோபுரம் 1902 ஜூலை 14 காலையில் சரிந்து விழுந்தது, 1912க்குள் அதே இடத்தில் அதே மாதிரி கட்டிவிட்டார்கள். லிஃப்ட் உண்டு.

இதெல்லாம் எல்லோரும் சொல்வது. நான் சொல்வது கிணறுகளை. ஒவ்வொரு காம்போவின் நடுவிலும் செதுக்கிய கல் கிணற்று வாய் இருக்கும், இரும்பு மூடி போட்டு. சுற்றிலும் உப்புத் தண்ணீர், தீவில் ஊற்று கிடையாது. பிறகு கிணறு எப்படி? திடலின் தரை கொஞ்சமாகச் சரிந்து இரண்டு நான்கு இடங்களில் துளைக்கல்லை நோக்கிப் போகும். மழைநீர் அதில் இறங்கி, அடியில் நிரப்பிய மணலில் வடிகட்டி, நடுவில் செங்கல் உறைக்குள் ஊறும். உப்புநீர் கலக்காமல் வெளிச்சுற்று முழுக்கக் களிமண் பூச்சு. திடல் முழுவதுமே ஒரு மழைநீர்த் தொட்டி! 1884இல் நிலத்திலிருந்து குழாய் வரும்வரை ஊர் குடித்தது அதைத்தான். சில கிணற்றடியில் நாய் பூனை குடிக்கச் சின்னக் குழி வெட்டியிருக்கிறார்கள். கையால் தடவிப் பாருங்கள், வழவழவென்று தேய்ந்திருக்கும்.

ஜோடியாகப் போகிறவர்களுக்கு விசேஷமான இடம்?

பெருமூச்சுப் பாலத்தின் அடியில் முத்தம் கொடுத்தால் காதல் நிலைக்குமாம். அந்தப் பெருமூச்சு விசாரணை அறையிலிருந்து சிறைக்குப் போன கைதிகளுடையது. கல்யாணத்துக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா என்பதை அவரவர் முடிவுக்கு விடுகிறேன். காஸ்தெல்லோவில் 'சோத்தோபோர்த்தெகோ தெய் ப்ரேத்தி' என்ற குகைவழியில், வளைவுக்கு மேலே இதய வடிவில் ஒரு சிவப்புக் கல் பதித்திருக்கிறது. இருவரும் சேர்ந்து தொட வேண்டும் என்பது நம்பிக்கை. எனக்கு எட்டவில்லை, அவர் எனக்கும் சேர்த்துத் தொட்டார். பாலங்களில் ரோஜாப்பூவைக் கையில் திணிப்பார்கள். வாங்கினால் காசு கொடுத்துத்தான் தீர வேண்டும். பூட்டு மாட்டாதீர்கள், வெட்டி எறிந்துவிடுவார்கள்.

நம் ஊருக்கும் வெனிஸுக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

நல்ல தொடர்பு உண்டு. ரியால்டோவுக்குப் பக்கத்தில் 'கோர்த்தே செகோந்தா தெல் மிலியோன்' என்று ஒரு முற்றம். மார்க்கோ போலோவின் வீடு அங்கேதான் இருந்தது என்கிறார்கள். சீனாவிலிருந்து கடல்வழியாகத் திரும்பும் வழியில் 1290களில் பாண்டிய நாட்டைக் கண்டவர், பிறகு ஜெனோவாச் சிறையில் இருந்தபோது எல்லாவற்றையும் சொல்லி எழுதவைத்தார். முத்துக் குளிப்பது, அரேபியாவிலிருந்து குதிரைகள் வந்திறங்கும் காயல் என்ற ஊரின் துறைமுகம், ஊரே எப்போதும் ஓர் இலையை மென்றுகொண்டிருப்பது, எல்லாம் அதில் வருகிறது. அந்த இலையின் பெயரைத் 'தெம்பூல்' என்று சொல்லியிருக்கிறார். தாம்பூலம்! இன்று அந்த முற்றத்தில் துணி காய்கிறது, நாங்கள் போனபோது ஒரு பையன் பந்து உதைத்துக்கொண்டிருந்தான். அவர் சட்டைப்பையிலிருந்து பாக்குப் பொட்டலத்தை எடுத்து இரண்டு சீவலை வாயில் போட்டுக்கொண்டார். வெற்றிலைக்கு எங்கே போவது?

சிறுவனாகவே வெனிஸை விட்டுக் கிளம்பி, மொகலாய இளவரசர் தாரா ஷிகோவின் பீரங்கிப் படையில் வேலை பார்த்த நிக்கோலாவோ மனுச்சியும் பின்னாளில் பல வருஷம் வாழ்ந்தது நம் சென்னையில்தான்.

முரானோ, புரானோ போகணுமா? என்ன வாங்கி வந்தீர்கள்?

ஃபொந்தமெந்தே நோவே படகுத்துறையிலிருந்து 12ஆம் எண் படகில் புரானோ முக்கால் மணி நேரம். நீலம், மஞ்சள், கருஞ்சிவப்பு என்று வீட்டுக்கு ஒரு வண்ணம், வாசலில் லேஸ் பின்னல். நேரமிருந்தால் பக்கத்திலேயே தோர்ச்செல்லோ. 639இல் நிறுவிய ஆலயம், இப்போது ஊரில் விரல்விட்டு எண்ணும் ஆட்கள். முரானோ கண்ணாடித் தீவு. நகரம் தீப்பிடிக்கும் என்று பயந்து 1291இல் உலைகளையெல்லாம் அங்கே மாற்றினார்கள். ஊருக்குள் இரண்டு யூரோவுக்கு விற்கும் கண்ணாடிச் சாமான்களை நம்பாதீர்கள். உண்மையானதில் 'வெத்ரோ ஆர்த்திஸ்திகோ முரானோ' என்ற முத்திரை இருக்கும்.

உலைக்கு முன்னால் நின்று ஒருவர் செக்கச்செவேலென்ற உருண்டையை இடுக்கியால் இழுத்து இழுத்து ஒரு நிமிஷத்தில் குதிரை செய்ததைப் பார்த்தோம். முதலில் கழுத்து, பிறகு பிடரி, கடைசியாகக் கால்கள். அதைப் பார்த்தபின் வாங்காமல் வர முடியவில்லை, நாத்தனாருக்கு என்று ஒன்று வாங்கினோம். ஊறுகாய் பாட்டில்கள் காலியான இடத்தில் துண்டு சுற்றி வைத்தேன். வீட்டில் திறந்தால் பின்னங்கால் தனியாக வந்தது. அவர் ஃபெவிக்விக் போட்டு ஒட்டி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஊதி ஊதிக் காயவைத்துக் கொடுத்தார். அவள் அதை ஷோகேஸில் வைத்திருக்கிறாள். இதைப் படித்தபின் எடுத்துப் பார்க்காமல் இருக்கமாட்டாள். இடது கால்தான், சந்தியா. கழுவாதே.